பிரிம்ரோஸ் படகில் இறங்கிய சுத்தியல்

மேவிஸ் டூலிக்கு ஒரு பழக்கம் உண்டு. கால்வாயோரத்துப் பப்பின் சமையலறையில் நின்று பாத்திரம் கழுவுவாள். ஜன்னலுக்கு வெளியே ஒரு படகு மதகைத் தாண்டிப் போகும். படகில் இருப்பவர்கள் முதுகைக் காட்டிய பிறகுதான் ஈரக்கையை உயர்த்தி ஆட்டுவாள். முகம் பார்க்கும்போது ஆட்டினால் அவர்களும் பதிலுக்கு ஆட்டிவிடுவார்களே என்ற கூச்சம். இருபது வருடத்துக்கு மேல் இப்படியே ஆட்டினாள்.

குடியிருந்தது அண்ணன் க்ளைவ் வீட்டுப் பின்னறையில். அண்ணி பெரிலின் நாக்குக்கு எலும்பில்லை, ஆனால் எலும்பை நொறுக்கும். அம்மாவின் வீட்டை விற்று மேவிஸின் பங்கு கைக்கு வந்த வாரம், அவள் உருளைக்கிழங்கை உரித்தபடியே, தலையைத் தூக்காமல், ஒரு பழைய கால்வாய்ப் படகு வாங்கி அதிலேயே குடிபோகப் போவதாகச் சொன்னாள்.

"நீயா? குளிக்கிற தொட்டியில தண்ணி கொஞ்சம் கூடினாலே அலறுவே," என்றாள் பெரில். "போ மகராசி, தாராளமா போ. ரூம எப்ப காலி பண்றே?"

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. மறுநாளே கட்டில் விற்பனைக்குப் போனது. சுவரில் மஞ்சள் பெயிண்ட் ஏறியது. கட்டில் இருந்த இடத்தில் பெரிலின் உடற்பயிற்சி சைக்கிள் வந்து நின்றது.

மேவிஸ் பார்த்து வைத்திருந்த படகு 'பிரிம்ரோஸ்'. அதில் ஒரு கிழட்டு நாயோடு குடியிருந்தவன் டெஸ் ஹேடன், பப்பின் செல்லப்பிள்ளை. படகை விற்றுவிட்டு ஸ்பெயினில் இருக்கும் தங்கையோடு போய் இருந்துகொள்வதாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். அதுவரை எச்சில் தட்டை அவள் பக்கம் தள்ளியதைத் தவிர வேறு பேச்சு வைத்துக்கொள்ளாதவன், இப்போது "வா மேவிஸ், உள்ள வந்து பாரு" என்று கையைப் பிடித்து ஏற்றினான். உள்ளே சின்ன நிலக்கரி அடுப்பு, வட்ட ஜன்னல், கோப்பை மாட்ட வரிசையாகக் கொக்கிகள். கடைசியில் குறுக்கே ஒரு கட்டில். அவளுக்கென்றே அளவெடுத்துச் செய்தது போல இருந்தது. அதில் உட்கார்ந்தபோது எழுந்திருக்க மனம் வரவில்லை.

ஆனாலும் அன்று மாலை, கழுவுதொட்டியைப் பார்த்துக்கொண்டே, "சர்வே பண்ணிட்டு வாங்கிக்கறேனே, டெஸ்" என்றாள்.

படகைக் கிரேனால் தண்ணீரிலிருந்து தூக்கிக் கட்டைமேல் வைத்து, அடித்தகடு எவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்று சர்வேயர் அளந்து சொல்வார். செலவு வாங்குகிறவர் தலையில். தெரியாதவன் படகென்றால் எல்லோரும் செய்வதுதான். ஒரே பப்பில் குடிக்கிறவன் படகுக்குச் சர்வே வைப்பது, விருந்துக்குப் போன வீட்டில் கறியை முகர்ந்து பார்க்கிற மாதிரி.

"அவன் பல்லையும் எண்ணிப் பாத்துரு மேவிஸு!" என்று எவனோ கத்தினான். பப்பே குலுங்கியது.

"கூட்டியாரட்டும்யா," என்றான் டெஸ். "பிரிம்ரோஸ் பீரங்கியத் தாங்குவா."

அளக்கிற கருவி தாரையும் இரும்போடு சேர்த்தே அளந்துவிடும் என்று அவனுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். படகைத் தூக்கிக் கட்டைமேல் வைத்த அன்றே அடிப்பாகம் முழுக்கத் தாரைத் தடவினான். காய்ந்ததும் அதன்மேல் இன்னொரு தடவை தடவினான்.

சர்வேயர் பிரிட்சர்ட் வேல்ஸ்காரர், பேச்சே கிடையாது. படகுத்துறையில் பாதிப் பேர் பீர்க் கோப்பையோடு வேடிக்கைக்கு வந்திருந்தார்கள். அவர் தாரை விரலால் தொட்டார். விரலை முகர்ந்தார். பிறகு தாரை அங்கங்கே வட்டவட்டமாகச் சுரண்டி எடுத்துவிட்டு, கருவியை வெறும் இரும்பில் வைத்தார். அடித்தகட்டின் ஓரத்துக்கு வந்ததும் நின்றார்.

"இந்த இடத்த சுத்தியலால தட்டிப் பாக்கணும்," என்றார் டெஸ்ஸிடம். "படகு உங்களோடது. உங்க வாயால சரின்னு சொன்னாத்தான் தட்டுவேன். வேணாம்னா விட்டுடறேன். கருவி காட்டினத மட்டும் எழுதிக் குடுத்துட்டுப் போறேன்."

டெஸ் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தான். அத்தனை பேரும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அடிய்யா! கொழந்தய தட்டிக்குடுக்கற மாதிரி தட்டாத. ஓங்கி அடி!"

அவர் ஓங்கவில்லை. சும்மாதான் அடித்தார். சுத்தியல் கழுத்துவரை உள்ளே போய்விட்டது. வெளியே இழுத்ததும் படகுக்குள் தேங்கிக்கிடந்த துருத் தண்ணீர், கிழவன் மூத்திரம் போல விட்டுவிட்டுக் கொட்டியது. நாய் குரைத்தது.

குரைப்புக்கு நடுவே ஒரு சிரிப்பு கேட்டது. மேவிஸ் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் சிரித்து அந்தத் துறையில் யாரும் பார்த்ததில்லை. பிழைத்தோம் என்ற சிரிப்புதான் முதலில் வந்தது. பிறகு டெஸ்ஸின் முகத்தைப் பார்த்தாள். அதற்குமேல் வந்தது வேறு சிரிப்பு. நிறுத்தப் பார்த்தாள், முடியவில்லை. வாயைப் பொத்தினாள், விரலிடுக்கில் வந்தது.

ஓட்டை விழுந்த படகைத் தண்ணீரில் இறக்க முடியாது. புதுத் தகடு போட டெஸ்ஸிடம் வழியில்லை. அந்தக் குளிர்காலம் முழுக்கக் கட்டைமேல் நின்ற படகுக்கு ஏணி வைத்து ஏறி, நாயைத் தோளில் தூக்கிப்போட்டுக்கொண்டு குடியிருந்தான். ஸ்பெயின் தங்கை அதன்பிறகு போனை எடுக்கவில்லை. பிறகு பழைய இரும்புக்காரன் வந்து பிரிம்ரோஸைத் துண்டு துண்டாக அறுத்துக்கொண்டு போனான்.

தாரைப் பற்றி எவரும் பேசவில்லை. 'அடி' என்று சொன்னது யார் என்பதும் மறந்துபோயிற்று. "மேவிஸ் டெஸ் வீட்ட இடிச்சா. இடிச்சுட்டு நின்னு சிரிச்சா." இவ்வளவுதான் மிஞ்சியது.

"உன்னப் பாத்தா பீர் எறங்க மாட்டேங்குதுங்கறாங்க மேவிஸ்," என்றான் பப் முதலாளி. "நான் என்ன பண்ணட்டும், சொல்லு?" அவள் ஏப்ரனை அவிழ்த்து மடித்து வைத்துவிட்டு வந்தாள்.

துறையில் விற்பனைப் பலகை தொங்கிய படகுகளை ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்த்தாள். பலகைக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு, "இது விக்கறதுக்கில்லம்மா" என்றார்கள். கடைசியாகப் பஸ் பிடித்து வேறொரு கால்வாய்க்குப் போனாள். கால்வாயில் படகு நடைவேகத்தில்தான் போகும். பேச்சு அதற்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிடும். அங்கிருந்த படகுக்காரி அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"சிரிச்ச பொம்பள நீதானா?"

மேவிஸ் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டாள்.

டெஸ் இப்போது டவுனில், நகராட்சி கொடுத்த ஒற்றை அறையில் இருக்கிறான். அங்கே நாய் வைத்துக்கொள்ளக் கூடாது என்பதால் அதை ஊசி போட்டுச் சாகடித்தாயிற்று. மேவிஸ் பெரிலின் மஞ்சள் அறையில் மடக்குக் கட்டிலில் படுக்கிறாள். காலையில் பெரில் சைக்கிள் மிதிக்க வரும்போது கட்டிலை மடக்கி இடம் விடவேண்டும். அவள் பங்குப் பணம் வங்கியில் அப்படியே இருக்கிறது. படகு வாங்கவில்லை.