கழுவாமல் விட்ட பில்டர்

அவிநாசிபாளையத்தை விட்டு அரை மணி நேரம் நடந்த பிறகுதான், முதியோர் இல்லத்து நிர்வாகி என்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார் என்பது உறைத்தது. "கொஞ்ச நாள் ஊர்ல இருந்துட்டு வாங்க தம்பி, நாங்களே கூப்புடறோமுங்க" என்று இந்தப் பக்கத்து மரியாதைப் பேச்சில்தான் சொன்னார். முதுகுளத்தூர்ப் பக்கம் எங்கள் ஊரில் வேலையை விட்டு நிறுத்தினால் அப்பனையும் பாட்டனையும் இழுத்துத் திட்டுவார்கள். வேலை போனதில் யாருக்கும் சந்தேகம் வராது.

நான் எட்டாவதோடு பள்ளியை விட்டவன். எர்ணாகுளத்தில் ஓட்டல், ஓசூரில் செங்கல் சூளை, பிறகு இந்த இல்லம். இங்கே ஆக்சிஜன் மெஷின்களைப் பார்த்துக்கொள்வதும் என் வேலை. மெஷின் காற்றை உள்ளே இழுக்கும் பின்பக்கத்து பில்டரைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவைத்து மாட்ட வேண்டும். பக்கத்தில் பஞ்சு பறக்கும் பனியன் வேஸ்ட் குடோன் இருப்பதால் இரண்டு நாளுக்கு ஒருமுறை கழுவச் சொல்லியிருந்தார்கள். முதல் மாதம் ஒழுங்காகச் செய்தேன். ஒன்று காயும்வரை மாட்டிவைக்கும் மாற்று பில்டர் கிழிந்தது. புதிது கேட்கவில்லை. காயும்வரை காத்திருக்கச் சலித்து, சுவரில் தட்டி மாட்டத் தொடங்கினேன்.

மயிலாத்தாள் அங்கே இருந்தவர். பனியன் கம்பெனிகளில் காலமெல்லாம் செக்கிங் வேலை பார்த்து, பஞ்சுத் தூசில் நெஞ்சு கெட்டு, ஆக்சிஜன் மெஷினில் மூச்சு விட்டவர். ஒரு காலை, நான் தரை துடைக்கும்போது கூப்பிட்டார்.

"காத்து கொஞ்சம் கம்மியா வர்றாப்புல இருக்குதுங்க, கண்ணு."

"பாக்குறேன் ஆத்தா."

"வேலைய முடிச்சுட்டே வாங்க. அவசரமில்லீங்க."

நானும் அவசரமில்லை என்றே எடுத்துக்கொண்டேன். எங்கள் ஊரில் மூச்சு முட்டினால் கட்டிலை உதைத்துத் தெருவையே கூட்டுவார்கள். மதியச் சோறு போட்டுவிட்டுப் போனேன். உதடு நீலம் பாரித்திருந்தது. பில்டரை உருவினால், கம்பளித் துண்டு போலப் பஞ்சு அப்பியிருந்தது. ஆம்புலன்சில் ஏற்றும்போது என் கையைப் பிடித்து, "உங்களுக்குத்தான் சிரமமுங்க" என்றார். மூன்றாம் நாள் இறந்துபோனார். நெஞ்சு ஏற்கெனவே கெட்டிருந்தது என்றார்கள். பில்டரைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நானாகத்தான் நிர்வாகியிடம் சொன்னேன்.

ஊருக்குப் போகவில்லை. மறுநாள் காலை அருள்புரத்தில் பனியன் துணி பின்னும் ஒரு நிட்டிங் கம்பெனியில் சேர்ந்தேன். மெஷின்மேல் படியும் பஞ்சை ஏர் பைப்பால் ஊதித் தள்ளும் வேலை. ஊதிய பஞ்சு ஜன்னல் வழியாக வெளியே பறந்தது.

பக்கத்து மெஷின்காரர் சிரித்த முகமாகவே, "தூசு கொஞ்சம் இந்தப் பக்கமா வருதுங்க" என்றார்.

பைப்பை உடனே மூடினேன். கிட்டே போய் அவர் உதட்டின் நிறத்தைப் பார்த்தேன். அவர் ஒன்றும் புரியாமல், "ஏனுங்க?" என்றார்.

"மூச்சு வுட முடியுதாண்ணே?" என்று எங்கள் ஊர்க் குரலில் கத்தினேன். இருபது மெஷின்காரர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.