ஓவர்சியர் விட்டுப்போன அளவுகோல்

எங்கள் வீட்டில் துணி காயும் கொடியை நடுவில் தாங்கி நிற்பது ஒரு நீளமான மர அளவுகோல். முழத்துக்கு முழம் சிவப்பும் வெள்ளையுமாகச் சாயம் அடித்தது. இப்போது அடியில் ஒரு கை அகலத்துக்குச் சிவப்பு மட்டும் மிச்சம். மருமகள்கள் அதைக் கொடிக்கம்பு என்கிறார்கள். நானும் திருத்தியதில்லை.

அது நகராட்சி ஓவர்சியருடையது. எண்ணூர் முகத்துவாரத்தில் ஆழம் பார்க்கச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வருவார். முகத்துவாரத்து மணல்மேட்டுக்கு முன்னால் கடைசி வீடு எங்களுடையது என்பதால், திரும்பத் திரும்பத் தூக்கிப் போக முடியாமல் எங்கள் சுவரில் சாய்த்துவிட்டுப் போவார். கல்யாணமாகி வந்த புதிது எனக்கு. ஐந்தாவது வரை படித்தவள், ஆனால் நாலு பேர் எதிரில் வாய் வராது. அவருக்குச் சொம்பில் தண்ணீர் கொடுக்கும்போதும் தலை நிமிர்ந்ததில்லை.

அனல் மின் நிலையத்துக்குப் புகைக்கூண்டு கட்டிக்கொண்டிருந்த வருடம் அது. வெயில் காலத்தில் கடல் மணலைக் கொண்டுவந்து முகத்துவாரத்தை அடைத்துவிடும். ஆற்றுத் தண்ணீரும் ஆலைத் தண்ணீரும் வெளியே போக வழியின்றி உள்ளேயே நின்று கறுக்கும். அப்போது வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு போய், கற்பூரம் கொளுத்திவிட்டு மணலை வெட்டித் திறந்துவிடுவது எங்கள் ஊர் வழக்கம். மாதம் திரும்புவதற்குள் மறுபடியும் மூடிக்கொள்ளும். இரண்டு பக்கமும் கருங்கல் கொட்டி ஆழமாகத் தோண்டினால்தான் நிற்கும் என்று ஓவர்சியர் சொன்னார். ஆனால் தெற்குக் கரை நகராட்சிக்குச் சேர்ந்தது, வடக்குக் கரை பஞ்சாயத்து யூனியனுக்கு. இவர்கள் அவர்களைக் கைகாட்டினார்கள், அவர்கள் இவர்களை. இரண்டு வருடம் அலைந்து இரண்டு ஆபீசையும் ஒரே காகிதத்துக்குக் கொண்டுவந்தார் அவர். செலவு ஆளுக்குப் பாதி, வேலைக்கு ஆள் எங்கள் ஊர் என்று பேச்சு.

ஒரு திங்கட்கிழமை காலை வந்தார். ஆண்கள் எல்லாரும் கடலில். மாமியார் மீன் விற்கப் போயிருந்தார்.

"தங்கச்சி, வியாழக்கிழமை ரெண்டு ஆபீஸ் பெரியவங்களும் ஜீப்புல வராங்க. அடைச்சிக் கெடக்கறத அவங்க கண்ணால பாத்தாதான் கையெழுத்து விழும். அதுவரைக்கும் யாரும் மண்ணுல கை வைக்க வேணாம்னு ஊர்ல சொல்லிடும்மா. மறந்துடாதே."

தலையை ஆட்டினேன்.

அன்று மதியமே ஆற்றில் மடவை மீன் செத்து மிதக்க ஆரம்பித்தது. கரை நெடுகிலும் வெள்ளை வெள்ளையாக வயிறு. சாயங்காலம் கோயிலண்டை ஊர்க் கூட்டம் போட்டார்கள். ஆண்கள் உட்கார்ந்திருக்க, பெண்கள் பின்னால் நின்றோம். கூட்டத்தில் பெண்கள் பேசுவதில்லை. மறுநாள் விடியலில் வெட்டிவிடலாம் என்று முடிவானது. ஊர்ப் பெரியவர் கடைசியாக ஒரு வார்த்தை கேட்டார்.

"ஓவர்சியரு சேதி சொல்லி அனுப்பறேன்னாரே, யாராண்டயாச்சும் எதுனா சொன்னாரா?"

மாமியாரின் முதுகுக்குப் பின்னால் நின்று வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்தேன். அதற்குள் ஒருவன், "ரெண்டு ஆபீசுக்கும் ஓடி ஓடி அவரு சைக்கிளு தேஞ்சி பூட்சி மாமு. சேதி நடந்து வந்துகினு கீது" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். மாமியார் திரும்பி, "இன்னாடி முணுமுணுக்கறே?" என்றார்.

"ஒண்ணுமில்ல அத்தே" என்றேன்.

வீட்டுக்கு வந்த பிறகாவது என் வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கலாம். கூட்டத்தில் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாரே என்று பயந்து, மண்வெட்டிக்குப் புதுக் காம்பு செருகிக்கொண்டிருந்தவருக்கு விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வியாழக்கிழமை ஜீப் வந்தது, பின்னாலேயே சைக்கிளில் ஓவர்சியரும். தண்ணீர் சலசலவென்று கடலுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் ஆட்கள் சந்தோஷமாக மாலையோடு போனார்கள். "எங்க பங்கு வேலைய முடிச்சிட்டோம் சார், இனிமே நீங்க கல்லு கொட்டறதுதான் பாக்கி" என்றார் பெரியவர். தாங்கள் முந்திக்கொண்டு செய்ததை அவர்கள் மெச்சுவார்கள் என்றே ஊர் நம்பியது. வந்தவர்களில் ஒருவர் செருப்பில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டே, "நல்லாத்தானே ஓடுது. இதுக்கா ரெண்டு ஆபீசும் சேர்ந்து செலவு பண்ணணும்?" என்றார். மற்றவர் காகிதத்தைப் பைக்குள் வைத்துவிட்டார்.

ஜீப் போன பிறகு, எங்கள் வீட்டண்டை வரும்போதுதான் பெரியவருக்கு விளங்கியது. "வெட்டாதீங்கன்னு முன்னாடியே ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா சார்?"

ஓவர்சியர் எங்கள் வாசலைப் பார்த்தார். கதவோரம் நான் நின்றிருந்தேன்.

"சொல்லியிருக்கணும். என் தப்புதான்" என்றார்.

பிறகு வந்து தண்ணீர் கேட்டுக் குடித்தார். என்னை ஒன்றும் கேட்கவில்லை. சொம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார்.

ஆடி பிறப்பதற்குள் மணல் மூடிக்கொண்டது. அவர் மறுபடி எழுதிப் போட்டார். திறந்திருந்ததை நேரில் பார்த்தோம் என்று பதில் வந்ததாம். புழல் ஏரிப் பக்கம் அவரை மாற்றிவிட்டார்கள். கோலை எடுக்க அவர் வரவேயில்லை. அடுத்த வருடம் இறாலும் அற்றுப்போய், என் வீட்டுக்காரர் வலையை மடித்து வைத்துவிட்டுத் துறைமுகத்துக்கு மூட்டை தூக்கப் போனார். முதுகு வலியோடு படுக்கும்போதெல்லாம் அந்த ஓவர்சியரைத் திட்டுவார். நான் தைலம் தேய்த்துக்கொண்டிருப்பேன். திட்டிக்கொண்டேதான் போய்ச் சேர்ந்தார்.

போன மாதம் மறுபடி ஒரு கூட்டம். மாநகராட்சியும் பக்கத்துப் பஞ்சாயத்தும் சேர்ந்து கழிமுகத்தைச் சீர் செய்யப் போகிறார்களாம். இந்தக் காலத்தில் பெண்களையும் பேசச் சொல்கிறார்கள். அந்தக் காலத்து ஆள் நான் ஒருத்திதான் என்று மைக்கை என் கையில் கொடுத்தார்கள். பக்கத்தில் இருந்தவளிடம் தள்ளிவிட்டேன்.

வீட்டுக்கு வந்தால் மழை பிடிக்கும் போலிருந்தது. துணிகளை எடுத்தேன். பாரம் போனதும் கோல் ஆடியது. குனிந்து அடியைப் பிடித்து நிறுத்தினேன். அடியில் இருக்கும் அந்தச் சிவப்பில் கொஞ்சம் என் விரலோடு வந்தது.