நெஞ்சளவுத் தண்ணீர்

மாளிகாவத்தைத் தொடர்மாடிக் குடியிருப்பில் பிறந்து, பல்கலைக்கழகத்தில் வெள்ளத்தை முன்கூட்டிச் சொல்லும் மென்பொருள் செய்கிற அளவுக்கு வந்தவள் பஹ்மியா. அந்த ஆராய்ச்சிக்குச் செலவழித்தது ஒரு காப்புறுதிக் கம்பனி. கணினிகள், அவளுடைய சம்பளம், பேராசிரியர் யோகநாதனின் அறைக்கு ஏசி, எல்லாம் அவர்கள் கொடுத்தது. மென்பொருளுக்குக் கற்றுக்கொடுக்க ஒன்று வேண்டியிருந்தது: போன வெள்ளத்தில் எந்த வாசலில் எவ்வளவு தண்ணீர் நின்றது?

சுவரைப் பார்த்துச் சொல்ல வழியில்லை. அவள் அளக்கப் போனது தொடர்மாடியை ஒட்டிய சின்னக் கடைத்தெரு; பெருநாளுக்கு அந்த ஒழுங்கை முழுக்கப் பெயிண்ட் அடித்துக் கறையை மூடியிருந்தார்கள். அளவுநாடாவோடு வாசல் வாசலாக ஏறினாள். அவளைக் கண்டவர்களுக்கு, நிவாரணம் எழுத வரும் அதிகாரிகளின் ஞாபகம் வந்துவிட்டது.

"இது வரைக்கும் புள்ள," என்று பலசரக்குக் கடைப் பதியுதீன் நானா நெஞ்சில் கை வைத்தார்.

"அன்டைக்கு நீங்க கதிரையில குந்திக்கொண்டு இருந்தீங்களாமே, நானா?" என்றாள் பஹ்மியா.

"கதிரைக்கு மேல கதிரை போட்டிருந்த!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். இது நிவாரணத்துக்கு இல்லை என்று ஒரு தடவை உரக்கச் சொல்லியிருக்கலாம். சொன்னால் கதவைச் சாத்திவிடுவார்களோ என்ற பயம். கம்பனிக்குக் காட்டும் நாளும் நெருங்கியிருந்தது. நெஞ்சளவு என்றே பதிந்தாள்.

மென்பொருள் அதை அப்படியே கற்றுக்கொண்டது. கம்பனிக்காரர் கைதட்டினார்கள். வருடம் திரும்பியதும், நெஞ்சளவு தண்ணீர் வரும் இடம் என்று சொல்லி, அந்த ஒழுங்கைக் கடைகளின் வெள்ளக் காப்புறுதியைப் புதுப்பிக்க மறுத்துவிட்டார்கள்.

பஹ்மியா பேராசிரியரிடம் ஓடினாள். "சேர், நான் எடுத்த அளவு பிழை. கம்பனிக்குச் சொல்லவேணும்."

"பிள்ளை, ரெண்டாம் கட்டத்துக்கு இப்பதான் ஓமெண்டிருக்கிறாங்கள். வெறுங்கையோட போய்ப் பிழை எண்டு சொல்லுறதே? சரியான அளவைக் கொண்டு வாரும், கதைப்பம்."

அன்று பின்னேரமே ஒழுங்கைக்குப் போனாள். இம்முறை எதையும் மறைக்கவில்லை. யார் செலவில் நடக்கும் வேலை, அளவை வைத்து என்ன செய்தார்கள், எல்லாம் சொன்னாள். பதியுதீன் நானா முழுவதையும் கேட்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

"அப்ப சரியா எழுதுங்க புள்ள." குனிந்து கரண்டைக்காலைத் தொட்டார். "இவ்வளவுதான் வந்த."

பக்கத்துத் தையல்கடைப் பீபி மாமி எட்டிப் பார்த்தார். "எங்கட படியில ஏறவே இல்ல, மகள். செருப்புக்கூட நனையல்ல."

அந்த வெள்ளத்தில் மாமியின் தையல் மெஷின்கள் ஊறிக் கெட்டுப்போனதைக் கண்ணால் பார்த்தவள் பஹ்மியா. நாடாவை விரித்தபடி நின்றாள். எதிர் வாசலிலிருந்தும் கூப்பிட்டார்கள்.

"எங்கட கடையையும் எழுதுங்க. இங்க ஒண்டுமே வரல்ல!"

அவள் நாடாவைச் சுருட்டினாள். அந்த வெள்ளத்தின் உயரத்தை இனி இந்த ஒழுங்கையில் எவரிடமும் கேட்க முடியாது.