வெளிநாட்டு அப்பாவுக்கு ஒரு புகார்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். தொடக்கப் பள்ளியில் பதினாறு வருடமாகப் பாடம் எடுக்கிறேன். பிரம்பை விட்டது அரசு உத்தரவுக்குப் பயந்துதான். மனம் மாறியதால் அல்ல. பிள்ளைகளின் மனநலம் பற்றி ஒரு பயிற்சி வகுப்பில் எங்களை உட்காரவைத்து, சிரித்த முகம், அழுத முகம், கோப முகம் என்று அட்டையில் வெட்டச் சொன்னார்கள். கொண்டுவந்து வகுப்புச் சுவரில் ஒட்டிவிட்டு, என் கடமை முடிந்தது என்று இருந்துவிட்டேன்.

மூன்றாம் வகுப்பில் ஒரு பெண் கடிப்பாள். எட்டு வயது, ஒல்லிக்குச்சி உடம்பு. ஒரு நாள் மத்தியானம் சாப்பாட்டு வரிசையில் முன்னால் நின்றவளின் தோளைக் கவ்விவிட்டாள். பிடித்து இழுத்தேன், விடவில்லை. தாடையை அழுத்தித்தான் பிரிக்க வேண்டியிருந்தது. சட்டை கிழிந்து ரத்தம் வந்துவிட்டது. ஏன் கடித்தாய் என்று நான் கேட்கவே இல்லை. கையைப் பிடித்து உலுக்கு உலுக்கென்று உலுக்கினேன்.

பொன்னமராவதியைச் சுற்றியுள்ள ஊர்களில் வீட்டுக்கு ஓர் ஆண் வெளிநாட்டில் இருப்பார். பிள்ளைமேல் புகார் என்றால் அப்பாவுக்கு வாய்ஸ் மெசேஜ் போடுவது எங்களுக்கெல்லாம் பழக்கமாகிவிட்டது. இவளுடைய அம்மா மட்டும் பெற்றோர் கூட்டத்தன்று என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "எதுனாலும் எங்கிட்டச் சொல்லுங்க டீச்சர். அவுகளுக்குப் போட்டுறாதீங்க" என்று கெஞ்சியிருந்தாள். புருஷனுக்குப் பயந்தவள் என்று நினைத்துக்கொண்டேன். அம்மாவிடம் சொன்னால் சாயங்காலமே அடி விழும். துபாயில் இருக்கிற மனிதர் அங்கிருந்து எப்படி அடிப்பார்? நாலு வார்த்தை திட்டுவார், அவ்வளவுதானே. பிள்ளைக்கு நல்லது செய்வதாகவே நினைத்துக்கொண்டு அவருக்கு மெசேஜ் போட்டேன்.

மறுநாள் வகுப்பில் அந்தப் பிள்ளை உட்காரவில்லை. இரண்டு முறை சொன்னேன். மூன்றாம் முறை தோளைப் பிடித்து அழுத்தி உட்காரவைத்தேன். அவள் போட்ட அலறலில் வகுப்பே எழுந்துவிட்டது. சமையல் கூடத்துக்குப் பின்னால் கூட்டிப்போய்ப் பாவாடையைத் தூக்கிப் பார்த்தேன். இரண்டு தொடையிலும் கேஸ் டியூப் தடம் பட்டை பட்டையாக வீங்கியிருந்தது. ஓரிடத்தில் தோல் பிய்ந்து பாவாடையோடு ஒட்டியிருந்தது.

"யாருடி அடிச்சா?"

"அம்மா."

"அம்மாவா?"

"அப்பா வீடியோ கால்ல பாத்தாக. அம்மா மெதுவாத்தான் அடிச்சுச்சு. சத்தம் கேக்கல, இன்னும் குடுன்னு அப்பா சொன்னாக. அம்மா அழுதுக்கிட்டே அடிச்சுச்சு."

அந்த டியூப்பை அவள் அம்மா கையில் கொடுத்தது நான். தலைமை ஆசிரியரிடம் சொல்லி முறைப்படி செய்திருக்க வேண்டும். அந்த நிதானம் எனக்கு எங்கே இருந்தது? நாலு மணிக்கு மணி அடித்ததும் பிள்ளையை வண்டியில் ஏற்றிக்கொண்டு நேரே அவள் வீட்டுக்குப் போனேன்.

அம்மாக்காரி என்னைப் பார்த்ததும் வாங்க என்று சொல்லவில்லை. நெஞ்சில் கைவைத்துத் தள்ளினாள். நிலைக்கதவில் என் முதுகு இடித்தது. "சொல்லாதீங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல? பெத்த புள்ளைய என் கையாலயே அடிக்க வச்சுட்டீங்களே!" என்று தன் கையைச் சுவரில் ஓங்கி ஓங்கி அடித்துக்கொண்டாள். அதைப் பிடிக்கப் போகும்போது அவள் போன் அடித்தது. அவர்தான்.

நான் வாங்கினேன். திரையில் தொப்பி போட்ட, வெயிலில் கருத்த முகம், பின்னால் கட்டடச் சாரம். "டீச்சரா? வணக்கம் டீச்சர். நல்லா அடி வாங்கிக் குடுத்துட்டேன். இனிமே செய்ய மாட்டா. நீங்க சொன்னது ரொம்ப நல்லதாப் போச்சு" என்றார். எனக்கு நன்றி சொன்னார். உங்கள் பிள்ளையின் தொடையைப் பார்த்தீர்களா என்று கத்தினேன். அவர் குரல் மாறவே இல்லை. "நான் இங்கிட்டுக் கெடந்து சாகுறது அதுக நல்லாருக்கத்தான டீச்சர்? எம்புள்ள நாய் மாதிரி கடிச்சான்னு ஊருல பேசவா? ஏ புள்ள, போனை அங்கிட்டு வையி. டீச்சர் முன்னாடியே ரெண்டு குடு."

அம்மாக்காரி என் கையிலிருந்து போனை எடுத்து, அரிசி டின்னில் சாய்த்து வைத்தாள். டியூப்பை எடுத்தாள். பிள்ளை தானாகவே சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றது. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. பக்கவாட்டில் நின்ற நான் புறங்கையால் போனை ஓங்கி அறைந்தேன். போன் பறந்துபோய் அம்மியில் மோதிச் சிதறியது.

பிள்ளை சிரிக்கும், ஓடிவந்து என்னைக் கட்டிக்கொள்ளும் என்று எதிர்பார்த்தேனோ என்னவோ. அவள் தரையில் விழுந்து சில்லு சில்லாகப் பொறுக்க ஆரம்பித்தாள். விரல் கிழிந்து ரத்தம் வந்தது. "அப்பா எப்புடி டீச்சர் இனிமே கூப்புடுவாக? எப்புடிக் கூப்புடுவாக?" என்று என் காலிலேயே குத்தினாள். அவள் அம்மா டியூப்போடு அப்படியே நின்றாள். அவருக்கு என்ன பதில் சொல்வது என்ற கிலிதான் அந்த முகத்தில் இருந்தது.

என் போன் அடித்தது. அவர் எண். நான் எடுப்பதற்குள் பிள்ளை பிடுங்கிக் காதில் வைத்துக்கொண்டாள். மூக்கை உறிஞ்சி, குரலைச் சரிசெய்துகொண்டு சொன்னாள்:

"அப்பா, நாந்தான் போனைப் போட்டு ஒடச்சேன். அம்மாவத் திட்டாதீங்கப்பா. டீச்சரயும் திட்டாதீங்க."

அவர் அங்கிருந்து என் மெசேஜைக் கேட்டு அம்மாவை அடிக்க வைத்தார். அம்மா அவருக்குப் பயந்து பிள்ளையை அடித்தாள். நான் அவர்மேல் இருந்த ஆத்திரத்தைப் போனில் காட்டினேன். எங்கள் மூன்று பேரில் ஒருவருக்கும் வராத புத்தி, அடி தன்னோடு நிற்கட்டும் என்ற புத்தி, அந்தப் பிள்ளைக்கு வந்தது.

போனை அவளிடமிருந்து வாங்கி, "நான்தான் உடைச்சேன்" என்றேன். அதற்குள் அவள் மறுபடி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுவிட்டாள்.