ருசி பார்த்தது கணக்கில் வராது

எண்பத்தாறு கிலோ. என் அக்காவின் எடையை இப்படி ஊரறியச் சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். வரட்டும், எனக்கு வந்த கோபத்தில் கால்வாசி கூட இருக்காது.

எங்கள் தம்பி பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவன். இரண்டு கிட்னியும் கைவிட்டு, மூன்று வருடமாக வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் மெஷினோடு படுத்துக் கிடந்தான். எனக்குச் சர்க்கரை இருப்பதால் என்னை முதல் நாளே கழித்துக் கட்டிவிட்டார்கள். அக்காவின் கிட்னி பொருந்தியது. ஆனால், "எழுபத்திநாலு கிலோவுக்கு வாங்கம்மா, அப்புறம்தான் உங்க மேல கத்தி வைப்பேன்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆக, தம்பிக்கும் பிழைப்புக்கும் நடுவே அந்தப் பன்னிரண்டு கிலோதான் உட்கார்ந்திருந்தது.

அக்கா ஒரு பெரிய தொழிற்சாலையின் கேன்டீனில் தலைமைச் சமையல்காரி. இருபத்திரண்டு வருடமாக இரண்டு ஷிப்டுக்கும் அவள் கைதான். எழுநூறு பேர் சாப்பிடுகிற இடத்தில் புகார்ப் பெட்டி என்று ஒன்று மாட்டியிருக்கிறார்கள். அதில் அவள் சமையலைப் பற்றி ஒரு துண்டுக் காகிதம் விழுந்தது கிடையாது. இதை அவள் சொல்லாத நாளும் கிடையாது.

எடையைக் குறைக்கிறேன் என்று அவள் செய்த கூத்தையெல்லாம் சொன்னால் விடிந்துவிடும். முதலில் சோற்றை நிறுத்தினாள். பதினோராம் நாள் கொதிக்கிற அண்டாவுக்குப் பக்கத்தில் தலைசுற்றி உட்கார்ந்தவளை நாலு பேர் தூக்கி வந்தார்கள். பிறகு, எதிர்வீட்டுக்காரி சொன்னாள் என்று காலையும் மாலையும் பச்சையாக எதையோ அரைத்துக் குடித்தாள். அது வயிற்றைக் கலக்கியதுதான் மிச்சம். கடைசியில் ஒரேயடியாகப் பட்டினி. ஒரே மாதத்தில் ஏழு கிலோ போனது. அடுத்த இரண்டு மாதத்தில் அப்படியே திரும்பி வந்தது.

டாக்டர் ரிப்போர்ட்டை மேஜையில் போட்டார். "பட்டினி கெடந்து குறைச்ச எடை எனக்கு வேண்டாம்மா. ஒரு கிட்னியை எடுத்த பிறகு ஆயுசுக்கும் நீங்க இந்த எடையில இருக்கணும். பத்து வருஷம் கழிச்சும் எதைச் செய்வீங்களோ அதை மட்டும் இப்போ செய்யுங்க" என்று சொல்லி, உணவு ஆலோசகரிடம் அனுப்பினார்.

அந்தப் பெண் நல்லவள். எதையும் நிறுத்தச் சொல்லவில்லை. தட்டில் பாதி காய்கறி, கால்வாசி சோறு, மீதிக்குப் பருப்போ முட்டையோ மீனோ. சாயந்திரம் முக்கால் மணி நேரம் நடை. வாயில் போடுவதையெல்லாம் ஒரு நோட்டில் எழுத வேண்டும், அவ்வளவுதான். "இதைத்தான் கடைசி வரைக்கும் செய்வேன்" என்று அக்கா என் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள். அவள் தலையில் அடித்துச் செய்திருக்கலாம்.

இரண்டு மாதம் ஓடியது. நோட்டைப் பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது. நடையும் தவறவில்லை, நானே கூடப் போனேன். ஆனால் முள் எண்பத்தாறை விட்டு அசையவில்லை. அங்கே தம்பிக்குக் கால் வீங்க ஆரம்பித்திருந்தது.

எனக்கு மண்டை காய்ந்துவிட்டது. நான் பார்சல் அனுப்பும் அலுவலகத்தில் எடை போடுகிறவள். பெட்டியைக் கையில் வாங்கினாலே நூறு கிராம் பிசகாமல் சொல்வேன். என்னிடமே எடையில் விளையாட்டா?

"உண்மையச் சொல்லுக்கா, திருட்டுத்தனமா எதையாவது திங்கிறியா?" என்று கேட்டேவிட்டேன்.

"என்னைப் பாத்தா திருடி மாதிரி இருக்கா? நோட்டுல எழுதாம ஒரு பருக்கை என் வாய்க்குள்ள போனதில்லடி!"

சரி, பார்த்துவிடுவோம் என்று ஒரு நாள் லீவு போட்டுவிட்டு, விடிகாலையிலேயே கேன்டீன் சமையல்கட்டில் போய் நின்றேன். உள்ளே ஏழு அண்டாக்கள் கொதித்துக்கொண்டிருந்தன. அக்காவுக்குக் கீழே வேலை செய்கிற பெண் ஒருத்தி இருக்கிறாள். வயது நாற்பது, எதைச் செய்தாலும் ஓட்டமாக ஓடுவாள். எல்லோரும் அவளை 'அவசரம்' என்றுதான் கூப்பிடுவார்கள். அவசரம் எனக்கு ஒரு ஸ்டூலைப் போட்டுக் கொடுத்தாள்.

உட்கார்ந்த ஐந்தாவது நிமிடம் எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. அக்கா முதல் அண்டாவைத் திறந்து, கரண்டியால் மொண்டு, உள்ளங்கையில் ஊற்றி நக்கினாள். கொஞ்சம் உப்புப் போட்டாள். மறுபடி ஊற்றி நக்கினாள். அடுத்த அண்டாவில் ஒரு துண்டு கோழியை எடுத்து, வெந்துவிட்டதா என்று மென்று பார்த்தாள். இறக்கும்போது ஒரு தடவை, பரிமாறும் பாத்திரத்துக்கு மாற்றும்போது ஒரு தடவை. ஏழு அண்டாவுக்கும் இதே கதை.

 ஒரு காலிப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு அவள் பின்னாலேயே போனேன். அவள் ஒரு வாய் ருசி பார்த்தால் நான் அதே அளவு பாத்திரத்தில் ஊற்றினேன். அவள் ஒரு துண்டு மென்றால் நான் ஒரு துண்டு போட்டேன். "ஏண்டி, பைத்தியம் கீத்தியம் பிடிச்சிருக்கா?" என்று திட்டினாள். திட்டிக்கொண்டே அடுத்ததை ருசி பார்த்தாள். இரண்டாவது ஷிப்டுக்கு இறக்கி முடித்ததும் பாத்திரத்தைக் கொண்டுபோய் காய்கறி நிறுக்கும் தராசில் வைத்தேன்.

ஒன்றே கால் கிலோ.

அதிலும் மேலே அரை விரல் உயரத்துக்கு எண்ணெய் மிதந்தது.

"இந்தா, உன் நோட்டுல எழுதாத சாப்பாடு" என்றேன்.

அக்கா பாத்திரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "இது சாப்பாடா? ருசி பாத்ததெல்லாம் கணக்குல வருமா? இது என் வேலைடி!"

அவள் பொய் சொல்லவில்லை. அதுதான் என் வயிற்றெரிச்சலே. தட்டுப் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டால்தான் அவளுக்குச் சாப்பாடு. நின்றுகொண்டு நக்கினால் அது உத்தியோகம். இருபத்திரண்டு வருடமாக தினமும் ஒரு ஆள் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு, அதற்கு மேல் தன் சாப்பாட்டையும் சாப்பிட்டிருக்கிறாள்.

"நீ ருசி பாக்காத. அவசரம் பாக்கட்டும்."

"அவளா? அவளுக்கு உப்புக்கும் சர்க்கரைக்கும் வித்தியாசம் தெரியாது!" பாவம், அவசரம் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தாள். "நான் கரண்டிய விட்டா இந்த எழுநூறு பேரும் தட்டைத் தூக்கி என் மூஞ்சில அடிப்பாங்க. வேற எதை வேணா விடச் சொல்லு."

எனக்கு வந்த ஆத்திரத்தில் பாத்திரத்தோடு அவள் தலையில் கவிழ்த்திருப்பேன். "உனக்குத் தம்பி பெருசா, கரண்டி பெருசா?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன். நான்கு நாள் பேசவில்லை.

ஐந்தாம் நாள் தம்பியைப் பார்க்கப் போனால், அக்கா எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தாள். அவன் மெஷினோடு படுத்திருந்தான். ஒரு கையில் ஊசி குத்தி இரண்டு டியூப் ஓடியது. இன்னொரு கையால், அவள் கொண்டுவந்த டப்பாவிலிருந்து எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் அக்கா அவனிடம் நியாயம் கேட்க ஆரம்பித்துவிட்டாள்.

"நீயே சொல்லுடா. இவ என்னை உப்புப் பாக்காம இறக்கச் சொல்றா. உப்பு ஒறப்பு சரியில்லாத சோத்தை எந்த மனுஷனாவது திம்பானா?"

தம்பி வாயில் இருந்ததை மென்று விழுங்கினான்.

"நான் திங்கிறேனேக்கா" என்றான்.

குத்திக்காட்டுகிற பேச்சு இல்லை அது. அவன் சுபாவம் அப்படி, கேட்டதற்குப் பதில் சொன்னான். மூன்று வருடமாக அவனுக்கு உப்பில்லாமல் சமைத்துக் கொடுக்கிறவளே அவள்தான். அந்த ஒரு டப்பாவை மட்டும் அவள் ருசி பார்த்ததே கிடையாது. உப்பே போடாததில் பார்க்க என்ன இருக்கிறது?

அக்கா கையை நீட்டினாள். அவன் டப்பாவிலிருந்து ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டாள். அதை மெல்ல அவளுக்கு ரொம்ப நேரம் ஆனது. அங்கே நிற்க முடியாமல் நான் வராந்தாவுக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் காலை அக்கா அவசரத்தைக் கூப்பிட்டு, கரண்டியை அவள் கையில் கொடுத்திருக்கிறாள். "இனிமே நீதான் பாக்கணும். நான் தட்டுல போட்டுச் சாப்பிடுறது மட்டும்தான்."

அந்த வாரமே புகார்ப் பெட்டியில் நான்கு காகிதங்கள். 'சூப்பில் உப்பு இல்லை.' 'சூப் கடல் தண்ணி.' 'அக்காவுக்கு உடம்பு சரியில்லையா?' நான்காவதை இங்கே எழுத முடியாது. மேனேஜர் கூப்பிட்டுக் கத்தினார். யாராவது ஒரு சொல் சொன்னால் தாங்காதவள், "சரி சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்து, வீட்டில் என்மேல் பாய்ந்தாள். என் சமையல், என் நடை, என் புருஷன், எதையும் விட்டுவைக்கவில்லை. வாங்கிக் கட்டிக்கொண்டேன். முள் எண்பத்தைந்துக்கு இறங்கியதே, அது போதும் எனக்கு.

அப்படியும் பத்து மாதம் ஆனது. மாதத்துக்கு ஒன்றோ ஒன்றரையோ கிலோ, சில மாதம் அதுவும் இல்லை. இதற்குள் தம்பியை இரண்டு தடவை அவசரப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அந்த இரண்டு நாளும் நான் பேசிய பேச்சுக்கு அக்கா என்னை இன்னும் மன்னிக்கவில்லை.

போன வாரம் எழுபத்து மூன்று கிலோ எண்ணூறு கிராம். டாக்டர் இரண்டு தடவை ஏறச் சொல்லிப் பார்த்துவிட்டு ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்தார். வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்த அக்கா பொலபொலவென்று அழுதாள்.

"பயமா இருக்காக்கா?"

"பயமா? எனக்கா? போடி." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "ரெண்டு மாசமா பெட்டியில ஒரு காகிதம் விழல."

"நல்லதுதானே?"

"நல்லதுதான். அவ கை நல்லாப் பழகிடுச்சு. நான் கரண்டிய விட்டது ஒருத்தனுக்கும் தெரியல பாரு."

 அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். எதிர் அறையில் மெஷினோடு படுத்திருந்த தம்பி எங்களைப் பார்த்துவிட்டான்.

"என்னக்கா, தேதி குடுத்தாங்களா?"

அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள்.

"குடுத்துட்டாங்கடா. எல்லாம் முடிஞ்சு, டாக்டர் சரின்னு சொன்னதும், உனக்கு உப்புப் போட்டு ஒரு குண்டான் ஆக்குறேன். நான் தொட மாட்டேன். நீதான் ருசி பாத்துச் சொல்லணும்."