சங்கரன்கோவிலில் உடைந்த சுக்கான்

காலை ஏழு மணிக்குக் கோவில்பட்டியில் சாகுலின் வண்டியில் ஏறினேன். முன்னால் பிக்கப், பின்னால் டிரெய்லர், அதன் மேல் இருபது அடி நீளத்தில் ஒரு வெள்ளை மோட்டார் படகு. சாகுல் கடையநல்லூரில் என்னோடு பள்ளிக்கூடம் படித்தவன். துபாயில் பல வருடம் உல்லாசப் படகுகளுக்கு மெக்கானிக்காக இருந்துவிட்டு ஊர் திரும்பியவன், தூத்துக்குடியில் ஒரு பழைய படகை வாங்கிக் கொல்லத்துக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தான். அஷ்டமுடிக் காயலோரத்தில் ஒரு விடுதி, மறுநாள் முதல் அதைச் சவாரிக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தது. காலை பத்து மணிக்குப் படகு துறையில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அந்த இடம் வேறொரு படகுக்கு.

“முதல் சவாரி வீட்டுக்காரியும் ரெண்டு பிள்ளைகளும்தான் மாப்ள. மாமனார் வீட்டுல வந்து காத்துக்கெடக்காங்க” என்றான். அவன் மனைவி கொல்லத்துக்காரி. நான் பேச்சுத்துணைக்கும், மலைச்சாலையில் பின்னால் பார்த்துச் சொல்வதற்கும் போனேன். எனக்கு நீச்சல் தெரியாது. தெரிய வேண்டிய அவசியம் வரும் என்று நினைக்கவுமில்லை.

கழுகுமலை தாண்டி, சங்கரன்கோவில் ஊருக்குள் நுழையும் இடத்தில் ஒரு வேகத்தடை. முன்னால் போன மினி பஸ் ஆள் ஏற்றுவதற்காகச் சட்டென்று நின்றது. சாகுல் பிரேக்கை மிதித்தான். பின்னால் துப்பாக்கி வெடித்தது போல ஒரு சத்தம். படகைக் கட்டியிருந்த பட்டை அறுந்திருந்தது. வண்டி வேகத்தடையில் ஏறி இறங்கியபோது படகு பின்னால் சரிந்து, அதன் அடிப்பகுதி சாலையில் மோதியது.

இறங்கிப் பார்த்தோம். சுக்கான் வளைந்து, படகின் வயிற்றோடு ஒட்டிக்கொண்டிருந்தது. படகைத் திருப்புவது இந்தச் சுக்கான்தான். தண்ணீருக்குள் ஒரு தகடு, அதிலிருந்து படகின் அடித்தளம் வழியாக மேலே வரும் ஒரு தண்டு, தண்டின் உச்சியில் ஒரு இரும்புக் கை. ஸ்டியரிங்கைத் திருப்பினால் கேபிள் கையை இழுக்கும், கை தண்டைத் திருப்பும். சாகுல் ஸ்டியரிங்கில் தொங்கிப் பார்த்தான். அசையவில்லை.

கொல்லம் இன்னும் சுமார் நூற்றைம்பது கிலோமீட்டர்.

விசாரித்துப் போய்ச் சேர்ந்தது கோமதியக்காவின் லேத் பட்டறைக்கு. இருபுறமும் விசைத்தறிகள் ஓடும் தெரு. அந்தத் தடதடப்பில் பேச வேண்டுமானால் கத்தித்தான் பேச வேண்டும். தறிகளுக்கு உதிரிபாகம் செய்து கொடுப்பதுதான் பட்டறையின் பிழைப்பு. நாற்பது வயதிருக்கும் கோமதியக்காவுக்கு. சேலைக்கு மேல் ஒரு ஆண்பிள்ளைச் சட்டை, கண்ணில் வெல்டிங் கண்ணாடி. படகை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

“என்ன தம்பி, குடிக்கத் தண்ணி லாரிய எதிர்பாக்குற தெருவுல கப்பலக் கொண்டாந்து நிறுத்திட்டிய?”

சாகுலுக்குச் சிரிப்பு வரவில்லை. “அக்கா, சாயங்காலத்துக்குள்ள முடியுமா?”

“கழத்திப் பாத்துட்டுச் சொல்லுதேன்.”

கழற்றுவதே பெரும்பாடாக இருந்தது. சுக்கான் கீழ்வழியாகத்தான் வெளியே வரும். டிரெய்லர் உயரம் போதவில்லை. பட்டறை வாசலில் மண்ணைத் தோண்டி, குழிக்குள் இறக்கி உருவி எடுத்தோம். தண்டை நிமிர்த்திவிடலாம் என்றார் கோமதியக்கா. சாகுல் அதில் மண்ணெண்ணெயைத் தடவித் துடைத்து, மேலே சுண்ணாம்புக்கட்டித் தூளைப் பூசினான். சற்று நேரத்தில் வெள்ளைத் தூளில் தலைமுடி போல ஒரு கோடு ஈரமாகக் கசிந்து வந்தது.

“விரிசல்” என்றான். “நிமித்தினா நடுக்காயல்ல ஒடையும்.”

புதுத் தண்டு வேண்டும். துருப்பிடிக்காத எஃகில், அதே பருமனில். கோமதியக்கா நான்கு இடங்களுக்குப் போன் போட்டார். ராயகிரியில் ஒரு மோட்டார் கடையில், ஆழ்கிணறு பம்பிலிருந்து கழற்றிய தண்டு ஒன்று கிடந்தது. நான் சிவகிரி பஸ்ஸைப் பிடித்துப் போய் அதை வாங்கித் தோளில் சுமந்து வந்தேன். பஸ்ஸில் நடத்துனர், “என்ன அண்ணாச்சி, முருகனுக்கு வேலா?” என்றார். தண்டோடு திரும்பியபோது மத்தியானம் ஆகிவிட்டது. சாகுலுக்கு வாங்கி வைத்திருந்த பிரியாணிப் பொட்டலம் பிரிக்காமலேயே கிடந்தது.

தண்டைக் கடைந்து, தகட்டை அதில் வெல்டிங் வைத்தார் கோமதியக்கா. கடைசியாக ஒரே ஒரு சின்ன வேலை. தண்டும் மேலே உள்ள கையும் ஒன்றையொன்று வழுக்காமலிருக்க, இரண்டுக்கும் நடுவே ஒரு சிறு எஃகுத் துண்டைச் செருக வேண்டும். அதைச் சாவி என்கிறார்கள். பட்டறையில் சரியான அளவில் இல்லை.

“ராஜபாளையத்துல இருக்கும். ஆள அனுப்புதேன்” என்றார்.

“நேரமில்லக்கா. இருக்கிறதப் போடுங்க.”

“லேசா ஆடுமே தம்பி.”

“போடுங்கக்கா!” சாகுலின் குரல் தறிச் சத்தத்தையும் மீறியது.

கோமதியக்கா இருந்ததை அரத்தால் ராவிப் பொருத்தினார். “சரி. ஆனா தண்ணியில விட்டுப் பாக்காம இந்த ஊரத் தாண்டப்படாது.”

ஊருக்கு வெளியே ஒரு குளம். அந்த வருடம் நல்ல மழை. குளம் நிரம்பி மறுகால் பாய்ந்துகொண்டிருந்தது. உபரித் தண்ணீர் கரையின் மறுகோடியில் ஒரு கல்சுவரைத் தாண்டி, பத்தடி கீழே பாறைகளில் விழும் இரைச்சல் இங்கேயே கேட்டது. வண்டல் அள்ளும் லாரிகள் இறங்கும் சரிவில் டிரெய்லரைப் பின்னுக்குத் தள்ளிப் படகை இறக்கினோம். சாகுல் எனக்கும் ஒரு மிதவைச் சட்டையை மாட்டிவிட்டு ஏறச் சொன்னான்.

முதல் இரண்டு திருப்பமும் அருமையாக வந்தன. கரையிலிருந்து கோமதியக்கா கையை உயர்த்திக் காட்டினார். சாகுல் முகத்தில் அன்றைக்கு முதல்முறையாக இளக்கம். வேகத்தைக் கூட்டி, குளத்தின் நடுவே இடப்பக்கம் ஒடித்தான். உள்ளேயிருந்து ‘டொக்’ என்று ஒரு சத்தம். ஸ்டியரிங் சுற்றியது. படகு திரும்பவில்லை.

நேரே மறுகாலைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தோம்.

“சாவி போச்சு” என்றான். பின்கியரைப் போட்டான். படகு குலுங்கி வேகம் தணிந்தது. பின்பக்கம் தாமரைக்காடு. கொடிகள் படகைத் தள்ளும் விசிறியில் சுற்றிக்கொள்ள, இன்ஜின் முனகி நின்றுவிட்டது. அந்த அமைதியில் தண்ணீர் விழும் இரைச்சல் திடீரென்று பக்கத்தில் கேட்டது. படகு அசைவது தெரியவில்லை. கரையில் நின்ற பனைமரங்கள்தான் பின்னால் போய்க்கொண்டிருந்தன.

“நங்கூரத்தப் போடு!”

போட்டேன். சேற்றில் பிடிமானமில்லாமல் இழுபட்டு வந்தது. கயிறு என் உள்ளங்கைத் தோலை உரித்துக்கொண்டு ஓடியது. கல்சுவரின் மேல் தண்ணீர் கண்ணாடி போல வளைந்து இறங்குவதை என்னால் பார்க்க முடிந்தது. அப்போது கயிறு விண்ணென்று இறுகியது. மூழ்கிக் கிடந்த ஏதோ ஒரு கருவேல மரத்தில் நங்கூரம் மாட்டிக்கொண்டிருந்தது. படகு முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றது. அந்தக் கிளை முறிந்தால் எல்லாம் முடிந்தது.

சாகுல் கத்தியைப் பல்லில் கடித்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினான். மூன்று முறை மூச்செடுக்க மேலே வந்தான். ஒவ்வொரு முறையும் கை நிறையத் தாமரைக்கொடி. கரையில் கோமதியக்கா எதையோ கத்திக்கொண்டே மறுகால் பக்கம் ஓடிவருவது தெரிந்தது.

ஏறி வந்தவன் பெரிய பைப் ஸ்பேனரை என்னிடம் தந்தான். பின்னால் மூடியைத் திறந்து தண்டின் உச்சியைக் காட்டினான். “இதக் கவ்விப் பிடி. நான் சொல்லுத பக்கம் திருப்பு. விட்டுறாத மாப்ள.”

“என்னால முடியுமால?”

“முடியணும்.”

இன்ஜின் பிடித்தது. நங்கூரக் கயிற்றை அறுத்தான். “வலது! இன்னும்! பிடிச்சுக்கோ!” தண்ணீர் சுக்கானை ஒரு மாட்டைப் போல இழுத்தது. கயிறு உரித்த கையில் ஸ்பேனர் வழுக்கியது. சட்டை நுனியைச் சுற்றிக்கொண்டு நெஞ்சாலும் அழுத்திப் பிடித்தேன். மறுகால் எங்கே, கரை எங்கே என்று எனக்குத் தெரியாது. அவன் குரல் மட்டும்தான். படகின் அடி மண்ணில் உரசியதும்தான் தலையை நிமிர்த்தினேன்.

கோமதியக்காவுக்கு மூச்சிரைத்தது. “நான் போட்டிருக்கக் கூடாது. ஆடும்னு தெரிஞ்சே போட்டேன்.”

“நான்தானக்கா போடச் சொன்னேன்” என்றான் சாகுல். ஈரத்தோடு கரையில் உட்கார்ந்தான். “நாளைக்கு இந்நேரம் என் பிள்ளைகள ஏத்திருப்பேன்” என்றான்.

பிறகு விடுதிக்குப் போன் செய்தான். நாளைக்கு வர முடியாது, சுக்கான் வேலை முடியவில்லை என்றான். போனைப் பையில் போட்டுக்கொண்டு, “வேற படகப் பாத்துக்கிடுதாங்களாம்” என்றான்.

மறுநாள் காலை ராஜபாளையத்திலிருந்து சாவி வந்தது. கோமதியக்கா அதைச் சுத்தியால் தட்டித் தட்டி இறுக்கமாக இறக்கினார். அது போதாதென்று இரும்புக் கையையும் தண்டையும் சேர்த்துத் துளைத்து ஒரு போல்ட்டையும் மாட்டினார். மறுபடி குளம். இந்த முறை மறுகால் பக்கமே போகாமல், கரையோரமாக அரைமணி நேரம் இடமும் வலமுமாக ஒடித்துப் பார்த்தான் சாகுல். கேட்காமலேயே நானும் ஏறிக்கொண்டேன்.

கிளம்பும்போது கோமதியக்கா படகின் பின்பக்கத்தைத் தட்டிக்கொடுத்தார். “காயல்ல விட்டதும் எனக்குப் போன் பண்ணணும். பண்ணாட்டா எனக்கு வேல ஓடாது.”

சங்கரன்கோவில் எனக்கு அதுவரை பஸ் மாறுகிற ஊர். ஸ்டாண்டில் நின்று ஒரு டீ குடித்துவிட்டுத் தென்காசி பஸ்ஸில் ஏறிவிடுவேன். தறிச் சத்தம் மெல்லப் பின்னால் தேய்ந்தபோது, அந்த ஊரை விட்டுப் போகிறேன் என்று முதல்முறையாகத் தோன்றியது. தென்காசி, செங்கோட்டை, ஆரியங்காவு. மலை வளைவுகளில் சாகுல் இருபதுக்கு மேல் போகவில்லை. பின்னால் ஹாரன் அடித்தவர்களுக்கெல்லாம் ஒதுங்கி வழிவிட்டான்.

கொல்லத்தில் அவன் மாமனாருக்குத் தெரிந்த ஒரு மீன்பிடித் துறையில் மறுநாள் காலை படகை இறக்கினோம். மனைவியும் இரண்டு பெண்பிள்ளைகளும் படியில் நின்றார்கள். சின்னவள் ஒரு காலைத் தூக்கிப் படகில் வைக்கப்போனாள். சாகுல் அவளைத் தடுத்துவிட்டுத் தனியாக ஓட்டிக்கொண்டு போனான். துறைக்குச் சற்றுத் தள்ளிப் படகை நிறுத்திக் கோமதியக்காவுக்குப் போன் போட்டான். ஸ்பீக்கரில் தறிகளின் தடதடப்பு துறை வரைக்கும் கேட்டது.

“அக்கா, வலது திருப்புதேன்.” படகு வலது பக்கம் வளைந்தது. “இடது திருப்புதேன்.” இடது பக்கம் வளைந்தது. “இப்ப வேகமா ஒடிக்கேன்.” வெள்ளை நுரை அரைவட்டமாக எழுந்து அடங்கியது.

தறிச் சத்தத்தை மீறிக் கோமதியக்காவின் குரல் வந்தது.

“சரி தம்பி. பிள்ளைகள ஏத்திக்கோ.”