கப்பல்காரியின் சுருதி

சூடேறிய பிளாஸ்டிக்கின் மணம் எங்கே வந்தாலும் எனக்கு எங்கள் வீட்டு டேப் ரெக்கார்டர்தான் நினைவுக்கு வரும். நடந்தவற்றை முதலில் வரிசைப்படுத்திவிடுகிறேன்.

1. கப்பலில் ஃபிட்டராக இருந்த மாமா, விடுமுறைக்கு வந்தபோது ஒரு போர்ச்சுகீசியப் பாட்டுக் கேசட் தந்தார்.
2. பதினைந்து வயதில் அக்காவைச் சபைப் பாடகர் குழுவிலிருந்து நிறுத்தினார்கள்.
3. அடுத்த விடுமுறையில் மாமா அதே பாடகரின் இன்னொரு கேசட்டைக் கொண்டுவந்தார். அதில் படம் இருந்தது.
4. எனக்குக் காய்ச்சல் வந்து இரண்டு நாள் பள்ளிக்குப் போகவில்லை.
5. அறுப்பின் பண்டிகையில் அக்கா தனியாகப் பாடினாள்.

நான்காவதை விட்டுவிட்டால் ஐந்தாவதன் கனம் யாருக்கும் தெரியாது. அதனால்தான் அதையும் சேர்த்திருக்கிறேன்.

பாறசாலையிலிருந்து கொல்லயிலுக்குப் போகும் வழியில், மின்கம்பி வந்து முடிகிற கடைசிக் கம்பத்தின் அருகில் எங்கள் வீடு. தொண்ணூறுகளின் முற்பகுதியில் மாலை ஆறு மணிக்கு மேல் அங்கே குண்டு பல்பின் இழை சிவந்து தெரியுமே தவிர வெளிச்சம் தராது. குழல்விளக்கு எரியவே எரியாது. 'கறண்டுக்கு சீணம்' என்பார்கள், காய்ச்சல்காரரைப் பற்றிச் சொல்வதுபோல. அம்மாவின் சட்டப்படி டேப் ரெக்கார்டருக்கும் அந்த நேரம்தான்: காலை படிப்புக்கு, பகல் வேலைக்கு, மாலை ஜெபம் முடிந்த பிறகு வேண்டுமானால் பாட்டு.

முதல் கேசட், கப்பலின் சமையல்காரரான ஒரு போர்ச்சுகீசியர் பதிவு செய்து கொடுத்தது. மாமா அதைக் கேட்டுப் பார்த்ததுகூட இல்லை. 'லிஸ்பன் - நல்ல பாட்டு' என்று பால்பாயின்ட் பேனாவால் எழுதியிருந்தார், அவ்வளவுதான். உள்ளே ஓர் ஆண் குரல், கனத்து, இழுத்து இழுத்துப் பாடியது. அதன் பின்னால் ஒரு தோல்மேளம் நிதானமாக அடித்துக்கொண்டிருந்தது. பெயர் தெரியாததால் நாங்கள் அவரைக் 'கப்பல்காரன்' என்று அழைத்தோம்.

அக்காவுக்கு அந்தக் குரல் தேவைப்பட்ட நேரம் அது. அவளுடைய சத்தம் இரண்டு ஆண்டுகளாக இறங்கிக்கொண்டே வந்து, மற்றப் பெண்கள் தொடுகிற இடத்தைத் தொட முடியாமல் போயிருந்தது. பாடகர் குழுவை நடத்திய சார் கெட்டவர் இல்லை. ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அவளைத் தனியே அழைத்து, "அது சரியாவில்ல மோளே. சோப்ரானோ, ஆல்ட்டோ ரெண்டுக்கும் நீ எட்டமாட்ட, டெனர்ல, ஆம்பிளைங்க வரிசையில, பெண்ணு நிக்கவும் பற்றாது. ஒனக்குள்ள வரிசை எங்கிட்ட இல்ல, கேட்டியா" என்றார். பள்ளிக்கூடத்தில் பையன்கள் அவளை 'தாமஸ் அண்ணன்' என்று கூப்பிட்டார்கள். அவள் வீட்டுக்கு வந்து கப்பல்காரனோடு சேர்ந்து பாடினாள். அவன் நின்ற இடத்தில் அவளாலும் நிற்க முடிந்தது.

இரண்டாவது கேசட் கடைக் கேசட். உறையில், ஒரு பெண் சதுரமான தலையணை போன்ற தோல்மேளத்தை நெஞ்சுக்கு நேரே உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மேளக்காரியா மாமா?"

"மேளமும் அவதான், பாட்டும் அவதான். பெண்ணாக்கும் மக்கா, பெண்ணு!" என்றார் மாமா. சமையல்காரர் இந்தமுறை அவருக்குக் கதை முழுவதையும் சொல்லி அனுப்பியிருந்தார். "மலையடியில ஒரு குக்கிராமத்துக்காரி. அங்க ஒலிவங்கா பறிக்கிற பெண்ணுங்க பாடுத பாட்ட வீடு வீடாப் போயி படிச்சாளாம். பின்ன கித்தாரும் டிரம்மும் வச்சுப் பாடியிருக்கா. ஊருல உள்ளவங்க, பாட்டக் கெடுத்துட்டான்னு ஏச்சு. பட்டணத்துல உள்ளவங்க, பட்டிக்காட்டுப் பாட்டுன்னு சிரிப்பு. ரெண்டு கூட்டத்தயும் இவ மைண்ட் பண்ணல்ல."

அன்று மாலை இரண்டாவது கேசட்டையும் போட்டோம். அதே கனத்த குரல், இப்போது கித்தாரோடு. அக்கா உறையிலிருந்த படத்தை எடுத்துத் தன் பாட்டுப் புத்தகத்துக்குள் வைத்தாள். மறுநாள் சாரிடம் போய், அறுப்பின் பண்டிகையில் தனிப்பாட்டுக்குப் பெயர் கொடுத்தாள். அம்மா இளவயதில் கொல்லயில் ஏலா வயலில் கதிர் அறுக்கும்போது பாடிய பாட்டு ஒன்று உண்டு. அதைச் சபையின் புதிய கீபோர்டோடு சேர்த்துப் பாடுவதாகத் திட்டம்.

"வயலுல குனிஞ்சு நின்னு பாடினத கோயில்லயாட்டீ பாடுவ?" என்று அம்மா கேட்டாள்.

"அறுப்புப் பண்டிகைக்கு அறுப்புப் பாட்டு பாடாம கிறிஸ்மஸ் பாட்டா பாடுவாவ?" என்றாள் அக்கா. பிறகு என்னிடம், "சார்கிட்ட படத்தக் காட்டினேன். பெண்ணுக்கும் இந்த சப்தம் உண்டுன்னு சொன்னேன்" என்றாள்.

பண்டிகைக்குப் பத்து நாள் இருக்கும்போது எனக்குக் காய்ச்சல் வந்தது. அம்மா வெளியே போயிருந்தாள். காலை பத்து மணிக்கு, முதன்முறையாகப் பகலில், முதல் கேசட்டைப் போட்டேன். மெல்லிய, துறுதுறுவென்ற ஒரு பெண் குரல், குதித்துக்கொண்டு ஓடியது. மேளமும் ஓடியது. அது அழுகைப் பாட்டு இல்லை, ஆட்டப் பாட்டு. கேசட் கெட்டுவிட்டது என்றுதான் முதலில் பயந்தேன்.

பிறகு அப்பாவின் கைக்கடிகாரத்தை எடுத்தேன். முதல் பாட்டு, காலை பத்து மணி: நான்கு நிமிடம் பத்து வினாடி. அன்று மாலை ஏழு மணி: ஐந்து நிமிடம் இருபது. மறுநாளும் அதேபோலத்தான். கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்தேன். மின்சாரம் குறைந்தால் மோட்டார் மெதுவாகச் சுற்றும், மோட்டார் மெதுவானால் குரல் இறங்கும். பின்னாளில் கல்லூரியில் படித்த பாடம் இது. அன்று அதை நானே கண்டுபிடித்திருந்தும் பெருமைப்பட முடியவில்லை. எங்கள் கீர்த்தனைக் கேசட்டுகளும் இழுத்துத்தானே பாடின, அதில் எப்படித் தெரியாமல் போயிற்று என்று யோசித்தேன். எங்கள் சபையே அப்படி இழுத்துத்தான் பாடும்.

ஒரு நாள் முழுக்க நோட்டை மறைத்து வைத்திருந்தேன். பிறகு அக்காவிடம் காட்டினேன். பண்டிகையில் வேறு யாராவது அந்தப் பாடகியை நல்ல கறண்டில் கேட்டவர் இருந்து, எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டால் அது இன்னும் மோசம் என்று எனக்குத் தோன்றியது.

அக்கா எண்களைப் பார்த்தாள். விடியற்காலையில் எழுந்து தானே டேப்பைப் போட்டுக் கேட்டாள். "அப்போ இப்பிடி ஒரு பெண்ணு எங்கயும் இல்ல" என்றாள். இரண்டு நாள் அவள் பாடவில்லை.

மூன்றாம் நாள் மாலை, பல்பின் இழை சிவந்திருந்த நேரம், "போடுட்டீ" என்றாள். போட்டேன். கடைசி வரை கேட்டாள். "கறண்டு கொறஞ்சதுக்கு பாட்டு செத்தா போச்சு? இழுத்துட்டாவது நிக்குது இல்லியா? பின்ன எனக்கென்ன."

மறுநாள் சாரிடம் போய், படத்தைக் காட்டிச் சொன்னது தவறு, அந்தப் பெண்ணின் உண்மைக் குரல் வேறு, ஆனாலும் தான் பாடுவதாகச் சொல்லிவிட்டு வந்தாள். சார் அவள் பெயரை அடிக்கவில்லை.

பண்டிகை அன்று சபை முழுக்க வாழைக்குலையும் பலாப்பழமும் மணத்தது. அக்கா முன்னே போய் நின்று, "கொல்லயில் ஏலாவிலே கொக்குநிரை போகுதடி" என்று முதல் வரியைத் தொடங்கியதும் பின்வரிசையில் ஒருவன், "எலே, தாமஸ் அண்ணன் வந்தாச்சு" என்றான். சிரிப்பு வரிசை வரிசையாக முன்னால் வந்தது. அக்கா நிறுத்தினாள். ஓடிவிடப் போகிறாள் என்று நினைத்து நான் பாதி எழுந்துவிட்டேன். அவள் கீபோர்டில் இருந்த சாரின் பக்கம் திரும்பினாள்.

"சார், சுருதிய இன்னும் அரைக்கட்டை எறக்குங்க."

சார் அவளைப் பார்த்தார், இறக்கினார். அவள் மறுபடியும் முதல் வரியிலிருந்து தொடங்கி, இழுத்து, நிதானமாக, முழுதும் பாடினாள். மூன்றாவது அடியில் அம்மா உட்கார்ந்த இடத்திலிருந்தே சேர்ந்துகொண்டாள், அறுத்த கை மறக்காததுபோல. சிரித்தவர்கள் எல்லாரும் அடங்கினார்கள் என்று சொல்லமாட்டேன். சிலர் கடைசி வரை சிரித்தார்கள். முடிந்ததும் சார், "அடுத்த ஞாயிறு டெனர் பக்கம் வந்து நில்லு. நான் யாருட்டயும் கேக்கப் போவதில்ல" என்றார்.

மாமா கடைசியாகக் கொண்டுவந்த மூன்றாவது கேசட்டில் கப்பல்காரிக்கு வயதாகியிருந்தது. கித்தாரும் டிரம்மும் போய், ஒரு பெரிய வயலினும் அந்தச் சதுர மேளமும் மட்டும். அதில் அந்த முதல் பாட்டையே மறுபடியும் பாடியிருந்தாள், மெதுவாக, இறங்கிய குரலில். நான் நம்பாமல் காலை ஆறு மணிக்குக் கடிகாரத்தோடு உட்கார்ந்தேன். ஐந்து நிமிடத்தைத் தாண்டியது. அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள்: "பாத்தியா, அவ இப்பத்தான் நம்ம வீட்டு கறண்டுக்கு வந்து சேந்திருக்கா."

கேசட்டுகள் நாடா சிக்கிப் போய்விட்டன. டேப் ரெக்கார்டரைப் பிரித்துப் பார்த்து மறுபடி பூட்டத் தெரியாமல் விட்டவள் நான்தான். மாமா கப்பலை விட்டுவிட்டார். சார் இப்போது இல்லை. எங்கள் வீட்டைத் தாண்டியும் கம்பங்கள் போய்விட்டன, பக்கத்திலேயே டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது. போன முறை ஊருக்குப் போனபோது மீட்டர் வைத்துப் பார்த்தேன்: மாலை ஏழு மணிக்கு முழு இருநூற்று முப்பது வோல்ட். அக்கா டெனர் வரிசையில் முதல் ஆளாக நிற்கிறாள், அதே சுருதியில் பாடுகிறாள்.